பேசாமல் போட்ட கணக்கு!



147573952589676412927. எண்ணிப் பாருங்கள், 21 இலக்கங்கள்! 67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1ஐக் கழித்தால் வரும் எண் இது.

'இது பகா எண். வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது' என்று, 1644ல் எழுதினார் பிரான்ஸ் அறிஞர் மெர்சென். 'வகுபடும்' என்று, 1876ல் காட்டினார் லூகாஸ். ஆனால், எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியவில்லை.

1903ல் நியூயார்க்கில் கணித அறிஞர்கள் கூடியிருந்தனர். ஃபிராங்க் நெல்சன் கோல் எழுந்து வந்தார். ஒரு வார்த்தையும் பேசாமல், கரும்பலகையில் 193707721ஐ 761838257287ஆல் பெருக்கினார். அதே எண் வந்தது! கைதட்டல் எழுந்ததாம். அதைக் கண்டுபிடிக்க, மூன்று ஆண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உழைத்தாராம்.

பெரிய அறிஞரே சொன்னாலும் சரிபார்க்கத் தயங்காதீர்கள். பென்சிலை எடுங்கள், கோல் போட்ட கணக்கையும் போட்டுப் பாருங்களேன்!

அன்புடன்,
ஆசிரியர்