பழைய ஆளுக்குப் பட்டை நாமம்! வாய் திறந்து கேட்டால் குறையுது 'நெட்' பில்

சென்னையில் பால், பேப்பர், கேஸ் மாதிரி வீட்டு 'நெட்'டும் மாதச் செலவில் ஏறி உட்கார்ந்துவிட்டது. 2020 மார்ச் மாத ஊரடங்கில் ஆபீசும் பள்ளிக்கூடமும் வீட்டுக்குள்ளே வந்தபோது அவசர அவசரமாக இழுத்த ஒயர் அது. ஆபீஸ் திரும்பிப் போய்விட்டது. பள்ளிக்கூடமும் போய்விட்டது. ஒயர் மட்டும் போகவில்லை. பில்லும் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது.

ஒரே தெரு. ஒரே கம்பெனி. ஒரே வேகம். ஆனால் கீழ் வீட்டுக்காரர் கொடுப்பது ஒரு விலை, மாடி வீட்டுக்காரர் கொடுப்பது வேறு விலை! இது எப்படி?

கீழ் வீட்டுக்காரர் நேற்று வந்தவர். அவருக்கு இணைப்புக் கட்டணம் இல்லை, மோடம் இலவசம், முதல் சில மாதங்களுக்குத் தள்ளுபடி. மாடி வீட்டுக்காரர் பல வருஷமாக ஒரு நாள் கூடத் தவறாமல் பணம் கட்டி வருபவர். அவருக்கு என்ன கிடைக்கிறது? "உங்கள் பிளான் நாளையுடன் முடிகிறது, உடனே ரீசார்ஜ் செய்யவும்" என்று ஒரு மெசேஜ்!

விலை விழுந்த கதை

இந்த ஊரில் ஒரு காலத்தில் டெலிபோன் கேட்டு எழுதிப்போட்டுவிட்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். அந்தத் தலைமுறைக்கு 'லைன் கிடைத்ததே பெரிசு' என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. அதுதான் கம்பெனிகளுக்கு வசதி.

2019 செப்டம்பரில் ஜியோ பைபர் கடை திறந்தபோது குறைந்தபட்ச பிளான் மாதம் ரூ.699. இணைப்புக்கு ரூ.2,500 கட்ட வேண்டும், அதில் ரூ.1,500 திரும்பக் கிடைக்கும் டெபாசிட். ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து, 2020 ஆகஸ்ட் கடைசியில், அதே கம்பெனி ரூ.399-க்கு 30 எம்.பி. வேகம் என்று அறிவித்தது. 100 எம்.பி. வேகம் ரூ.699. சில நாளிலேயே ஏர்டெல் ரூ.499-க்கு 40 எம்.பி. என்று களத்தில் குதித்தது. எல்லாவற்றுக்கும் மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி. ரூ.399 என்பது கைக்கு ரூ.471 ஆக வரும். விளம்பரத்தில் பெரிய எழுத்தில் இருப்பது வேறு, பில்லில் இருப்பது வேறு!

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இப்படி விலை விழும்போது பழைய பிளானில் இருப்பவருக்குத் தானாகக் குறையும் என்று எந்தச் சட்டமும் இல்லை. புது பிளானுக்கு மாறச் சொல்லிக் கேட்டவருக்குக் குறைந்தது. ஆட்டோ-பேயில் போட்டுவிட்டு மறந்தவர் பழைய விலையையே கட்டிக்கொண்டிருந்தார்.

இதில் அதிகம் மாட்டிக்கொள்வது யார்? மயிலாப்பூரிலும் நங்கநல்லூரிலும் தனியாக இருக்கும் வயதான தம்பதிகள். பிள்ளை அமெரிக்காவிலிருந்து வந்தபோது, "அப்பா, வீடியோ காலுக்கு நல்ல ஸ்பீடு வேணும்" என்று பெரிய பிளானாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அதோடு பத்து சினிமா சேனல். பெரியவர் பார்ப்பது ஒரு சீரியல், ஞாயிற்றுக்கிழமை பேரன் முகம். பென்ஷனில் அது கரைகிறது.

கம்பெனி ஏன் இறங்கி வரும்?

தர்மத்துக்காக இல்லை. கணக்குக்காக.

புது ஆள் ஒருவரைப் பிடிக்கக் கம்பெனிக்குச் செலவு உண்டு. தெரு முனைப் பெட்டியிலிருந்து வீடு வரை பைபர் ஒயர், சுவரில் மாட்டும் பெட்டி, லைன்மேன் கூலி, ஆள் பிடித்துக் கொடுத்தவருக்குக் கமிஷன், விளம்பரம். இதெல்லாம் மாதாமாதம் வரும் பில்லிலிருந்துதான் மெல்ல மெல்லத் திரும்ப வேண்டும். உங்கள் வீட்டில் இந்தச் செலவு எப்போதோ முடிந்துவிட்டது. ஆகவே நீங்கள் மாதம் நூறு ரூபாய் குறைத்துக் கொடுத்தாலும் கம்பெனிக்கு லாபம்தான். நீங்கள் போய்விட்டால் அந்த ஒயர் சும்மா தொங்கும்; இன்னொரு ஆளைப் பிடிக்க மறுபடி செலவு.

இது கம்பெனிக்கு நன்றாகத் தெரியும். தெரியாதது நமக்குத்தான்!

போனை முதலில் எடுக்கும் பெண்ணிடமோ பையனிடமோ சண்டை போட்டுப் பிரயோஜனம் இல்லை. விலை குறைக்கும் அதிகாரம் அவர்களுக்குக் கிடையாது. போகிறேன் என்பவரை நிறுத்தி வைக்கவே தனியாக ஒரு பிரிவு இருக்கிறது. அங்கேதான் சாவி. பேச்சு இப்படிப் போனால் கதவு திறக்கும்:

"அம்மா, என் பிளான் வர்ற 20-ஆம் தேதி முடியுது. புது ஆளுங்களுக்கு இதே ஸ்பீடு குறைச்சலா குடுக்கறீங்க. எனக்கும் அதே விலை வேணும்."

"அது நியூ கஸ்டமர் ஆபர் சார். உங்களுக்கு அப்ளை ஆகாது."

"சரிம்மா. அப்ப லைனைக் கட் பண்ண ரெக்வெஸ்ட் போடுங்க. நம்பர் சொல்லுங்க, எழுதிக்கறேன்."

இந்த மூன்றாவது வாக்கியத்துக்குப் பிறகுதான் "ஒரு நிமிஷம் சார், லைன்ல இருங்க" என்ற பதில் வரும். இல்லாவிட்டால் ரெக்வெஸ்ட் பதிவான மறுநாள் வேறொரு நம்பரிலிருந்து போன் வரும். குரலே மாறியிருக்கும். "சார், உங்களுக்காக ஸ்பெஷலா..." என்று ஆரம்பிப்பார்கள்.

மூர் மார்க்கெட்டில் பேரம் பேசிக் கைதேர்ந்த ஊர் இது. கடைக்காரர் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு இரண்டு அடி நடந்தால் "வா சார், வா சார்" என்று கூப்பிடுவார் இல்லையா, அதேதான். ஆனால் நடப்பது மாதிரி நடிக்கிறவர் ஒன்றை மறக்கக் கூடாது. கூப்பிடாமலும் விடலாம்! ஆகவே பக்கத்து கம்பெனியின் ஒயர் உங்கள் தெருவுக்கு வந்திருக்கிறதா, என்ன விலை, எத்தனை நாளில் போடுவார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் இந்த ஆட்டத்தில் இறங்க வேண்டும். பிளான் முடிகிற அன்று ராத்திரி, பையனுக்கு மறுநாள் ஆன்லைன் தேர்வு என்ற நிலைமையில் பேரம் பேசினால் தோற்பது நிச்சயம். பத்து நாள் முன்னால் பேசுங்கள்.

சுப்ரீம் கோர்ட் வரை போன சலுகை

இப்படி ஆள் பார்த்துக் கொடுக்கும் ரகசியச் சலுகை நியாயமா என்று டெல்லியில் ஒரு பெரிய வழக்கே நடந்தது. அது செல்போன் விஷயம் என்றாலும் சங்கதி ஒன்றுதான். ஒரே ரகச் சந்தாதாரர்களுக்குள் பாரபட்சம் கூடாது என்பது டிராய் என்னும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் கொள்கை. குறிப்பிட்ட ஆட்களுக்கு மட்டும் கொடுக்கும் சலுகைகளின் விவரத்தையும் தன்னிடம் தர வேண்டும் என்று 2018 பிப்ரவரியில் அது உத்தரவு போட்டது. கம்பெனிகள் தீர்ப்பாயத்துக்குப் போயின. டிசம்பரில் தீர்ப்பாயம் கம்பெனிகள் பக்கம் சாய்ந்தது. டிராய் சுப்ரீம் கோர்ட் படியேறியது. 2020 நவம்பரில் சுப்ரீம் கோர்ட், ஏர்டெலும் வோடபோன் ஐடியாவும் விவரத்தை டிராயிடம் தர வேண்டும் என்றது. ஆனால் டிராய் அதை ரகசியமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டது.

ஆக, பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன சலுகை என்று சர்க்காருக்குத் தெரியலாம். உங்களுக்குத் தெரிய வேண்டுமானால் பக்கத்து வீட்டுக்காரரைத்தான் கேட்க வேண்டும்!

லண்டனில் நிலைமை வேறு. விசுவாசமாக இருக்கும் பழைய வாடிக்கையாளர்கள்தான் அதிகம் இழக்கிறார்கள் என்று 2018-ல் அங்கே ஒரு நுகர்வோர் அமைப்பு அதிகாரபூர்வமாகப் புகார் கொடுத்தது. செல்போன், பிராட்பேண்ட், வீட்டு இன்சூரன்ஸ் உள்பட ஐந்து துறைகளில் வருஷத்துக்கு 400 கோடி பவுண்டு நஷ்டம் என்று கணக்குக் காட்டியது. 2020 பிப்ரவரி முதல், ஒப்பந்தம் முடிய 10 நாள் முதல் 40 நாளுக்குள் கம்பெனியே எச்சரிக்கை அனுப்பி, தன்னிடம் உள்ள நல்ல விலையையும் சொல்ல வேண்டும் என்று விதி வந்தது. 2024 செப்டம்பர் முதல், புதுக் கம்பெனியிடம் சொன்னால் போதும், பழைய கம்பெனியோடு பேச வேண்டிய அவசியமே இல்லை.

இங்கே செல்போன் நம்பரை வேறு கம்பெனிக்கு மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. வீட்டு லேண்ட்லைனுக்கு வரவில்லை. நாற்பது வருஷமாக உறவுக்காரர்களுக்கெல்லாம் மனப்பாடமான நம்பர் வைத்திருக்கும் பெரியவருக்கு, கம்பெனி மாறினால் அந்த நம்பர் போய்விடும். அவர் பேரத்தில் பாதி பலத்தை அங்கேயே இழந்துவிடுகிறார்.

பேரமே வேண்டாம், பிளானைப் பாருங்கள்

விலை குறைக்க மறுத்தாலும் ஒரு வழி உண்டு. வேகத்தைக் குறைப்பது. ஒரு நல்ல தரமான சினிமா ஓட 5 எம்.பி. போதும், மிகப் பெரிய டி.வி.யில் உயர்ந்த தரத்தில் பார்த்தாலும் 25 எம்.பி. தான். நாலு பேர் வீட்டுக்கு 200, 300 எதற்கு? பல வீட்டில் படம் நின்று நின்று ஓடுவதற்குக் காரணம் வேகம் இல்லை. மோடத்தை ஷோகேஸுக்குள் பூட்டி வைத்திருப்பது!

2020 விலைப்படி ரூ.999 பிளானிலிருந்து ரூ.699-க்கு இறங்கிய குடும்பத்துக்கு வரியோடு மாதம் ரூ.354 மிச்சம். வருஷத்துக்கு ரூ.4,248. ஒரு பிள்ளையின் நோட்டு, புத்தகம், யூனிபார்ம் வாங்கிவிடலாம்.

கேபிள்காரரிடம் நெட் வாங்குபவர்கள் கதை தனி. அங்கே கால் சென்டர் இல்லை, முகம் பார்த்துப் பேசலாம். "அண்ணே, ஆறு மாசம் சேர்த்துக் கட்டறேன், ஒரு மாசம் ப்ரீயா போட்டுக் குடுங்க" என்றால் பெரும்பாலும் வேலை நடக்கும். ஆனால் மொத்தமாக ஒரு வருஷப் பணத்தைக் கொடுத்துவிட்டு, மழைக்காலத்தில் ஒயர் அறுந்து ஒரு வாரம் ஆள் வராதபோது யாரிடம் போய்ச் சொல்வது? வாடகை வீட்டில் இருப்பவர் நடுவில் காலி செய்தால் மீதிப் பணம் என்ன ஆகும்? இதைக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்காமல் மொத்தப் பணம் தருவது புத்திசாலித்தனம் இல்லை.

ஒரே கம்பெனி ஒயர் மட்டும் உள்ளே வரும் அடுக்குமாடிகளில் தனி ஆள் பேரம் எடுபடாது. அங்கே சங்கம்தான் பேச வேண்டும். நாற்பது வீடு சேர்ந்து "விலை குறைக்காவிட்டால் இன்னொரு கம்பெனியை உள்ளே விடுவோம்" என்றால் நிலைமை மாறும்.

சொன்னது ஒன்று, பில் ஒன்று

போனில் சலுகை சொல்லிவிட்டு பழைய பில்லையே அனுப்பினால்? அதற்குத்தான் பேசி முடித்ததும் பிளான் பெயர், விலை, எத்தனை மாதம் என்பதை மெசேஜிலோ இ-மெயிலிலோ அனுப்பச் சொல்ல வேண்டும். "சிஸ்டத்துல போட்டாச்சு சார்" என்பதை நம்பி ரீசார்ஜ் செய்யக் கூடாது. மெசேஜ் வந்த பிறகு பணம்.

தகராறு என்றால் முதலில் கம்பெனி புகார் மையத்தில் பதிவு செய்து நம்பர் வாங்குங்கள். தீராவிட்டால் 30 நாளுக்குள் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரியிடம் போகலாம். அவர் 39 நாளில் முடிக்க வேண்டும் என்பது 2012 விதி. இதற்குக் கட்டணம் இல்லை. டிராய்க்கு நேரே எழுதிப் பயன் இல்லை. அது தனி ஆள் புகாரை விசாரிப்பதில்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

டெலிபோன் கேஸ் நுகர்வோர் கோர்ட்டில் செல்லாது என்று வெகுகாலம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். செல்லும் என்று 2022 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. ரூ.5 லட்சம் வரையிலான விவகாரத்துக்குக் கோர்ட் கட்டணமும் கிடையாது.

கடைசியாக லைனை வெட்டிவிட்டுப் போகிறவர்களுக்கு ஒரு விஷயம். மோடம் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது கையெழுத்தோ, மெசேஜோ வாங்காமல் வந்த பையனிடம் கொடுக்காதீர்கள். "பெட்டி வரவில்லை" என்று டெபாசிட்டைப் பிடித்துவிட்டால், பேரம் பேசி மிச்சம் பிடித்ததெல்லாம் அங்கேயே போய்விடும்.