பழைய ஃபுல் ஃப்ரேமும் புது ஈ.எம்.ஐ.யும்

(முன்குறிப்பு: கேமரா ஆசை இல்லாதவங்க அப்படியே தாண்டிப் போயிடலாம். கடன் வாங்குற ஆசை இருக்கறவங்க மட்டும் கொஞ்சம் இருந்து படிச்சுட்டுப் போங்க.)

டி.எஸ்.எல்.ஆர். செத்துப் போச்சாம். இதை என் மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்து சொன்னவங்களை எண்ண ஒரு கை விரல் பத்தாது. எல்லாரும் கையில ஒரு கொட்டேஷன் வெச்சிருப்பாங்க. எல்லாத்துலயும் புது மிரர்லெஸ் பாடி ஒண்ணு, புது லென்ஸ் ஒண்ணு, கீழ ஜி.எஸ்.டி. 18 சதவீதம்.

நான் பி.காம். படிச்சுட்டு வங்கிக்கு வந்த ஆளு. ஊரு ஆரணி. இப்போ திருவனந்தபுரத்துல ஒரு கிளையில கடன் பிரிவு. பெட்டியைத் தூக்கிட்டு வந்து நாலு வருஷம் ஆச்சு, குடும்பம் அங்க, நான் இங்க. ஞாயித்துக்கிழமை ரூம்ல தனியா சுவத்தைப் பார்த்துக்கிட்டு உட்காராம இருக்கறதுக்குத்தான் கேமரா. நெடுமங்காடு, விதுரா, கல்லார், அப்புறம் 22 கொண்டை ஊசி வளைவு. மேல போனா பொன்முடி. ஆக, கேமராவை வாங்குற பக்கமும் எனக்குத் தெரியும், அதுக்குக் கடன் கொடுக்குற பக்கமும் தெரியும். ரெண்டு பக்கமும் நின்னு பார்த்துட்டுத்தான் சொல்றேன்: பழைய ஃபுல் ஃப்ரேம் தாராளமா வாங்கலாம். அதிலும், கேமராவை வெச்சு சோறு சாப்பிடுறவங்க முதல்ல அதைத்தான் பார்க்கணும்.

செத்தது எதுன்னு முதல்ல பார்ப்போம். கேனானும் நிக்கானும் 2020-க்கு அப்புறம் புது டி.எஸ்.எல்.ஆர். மாடல் கொண்டு வரலை. உண்மைதான். அம்பாசடர் காரையும் 2014-ல நிறுத்துனாங்க. அன்னிக்கு ராத்திரியே ரோட்டுல ஓடிக்கிட்டு இருந்த அம்பாசடர் எல்லாம் நின்னு போச்சா? கம்பெனி புதுசு செய்யறதை நிறுத்துறது கம்பெனியோட கணக்கு. நம்ம கையில இருக்கறது படம் எடுக்குதா இல்லையாங்கறது நம்ம கணக்கு. இந்த ரெண்டு கணக்கையும் ஒரே பேரேட்டுல எழுதுறதாலதான் இவ்வளவு குழப்பமும்.

ஃபுல் ஃப்ரேம்னா ஏதோ பெரிய சமாச்சாரம் இல்லீங்க. 36-க்கு 24 மில்லிமீட்டர். நம்ம அப்பா, சித்தப்பா காலத்து யாஷிகாவுல போட்ட பிலிம் ரோல்ல ஒரு படம் என்ன சைஸோ அதே சைஸ். அப்போ எல்லாருமே ஃபுல் ஃப்ரேம் ஆளுங்கதான், அந்தப் பேருதான் தெரியாது. டிஜிட்டல் வந்தப்போ அவ்வளவு பெரிய சில்லு செய்யறது ஏகப்பட்ட செலவு. அதனால சின்ன சென்சாரைப் போட்டு நமக்குக் கொடுத்தாங்க. 2005-ல கேனான் 5டி வந்தப்போதான் சாதாரண சைஸ் பாடியில ஃபுல் ஃப்ரேம். 12.8 மெகாபிக்சல், அமெரிக்காவுல 3,299 டாலர். அன்னிக்கு எனக்கு அது கனவு கூட இல்ல. அப்புறம் 2008-ல நிக்கான் டி700, கேனான் 5டி மார்க் டூ. 2012-ல 5டி மார்க் த்ரீ, 6டி. 2014-ல நிக்கான் டி750.

கேனானோட சின்ன சென்சார் 22.3-க்கு 14.9 மில்லிமீட்டர். பரப்பளவு கணக்குப் போட்டா ஃபுல் ஃப்ரேம் அதைப்போல 2.6 மடங்கு. மழை பெய்யும்போது வாசல்ல அண்டாவையும் சொம்பையும் பக்கத்துல பக்கத்துல வெச்ச மாதிரி. அண்டா பழசா புதுசான்னு மழைக்குத் தெரியாது.

"அதெல்லாம் அந்தக் காலம், இப்போ சின்ன சென்சாரே சூப்பரா இருக்கு"ன்னு சொல்வாங்க. சரி, எண்ணைப் பார்ப்போம். டிஎக்ஸ்ஓமார்க்னு ஒரு சோதனைக்கூடம், வெளிச்சம் குறைவா இருக்கும்போது சென்சார் எப்படி வேலை செய்யுதுன்னு மார்க் போடுது. 2008-ல வந்த டி700-க்கு 2303. 2014-ல வந்த டி750-க்கு 2956. 2018-ல வந்த சோனி ஏ7 த்ரீக்கு 3730. 2017-ல வந்த சின்ன சென்சார் டி7500-க்கு 1483. அதாவது ஒன்பது வருஷம் கழிச்சுப் பிறந்த தம்பி, அண்ணனைத் தொடவே இல்ல. இன்னொண்ணும் பாருங்க: 2008-லேர்ந்து 2018 வரைக்கும் ஃபுல் ஃப்ரேமுக்குள்ளேயே நடந்த மொத்த வளர்ச்சி முக்கால் ஸ்டாப்புக்கும் கீழ. அந்த முக்கால் ஸ்டாப்புக்குத்தான் லட்சக்கணக்குல கொட்டேஷன்.

இனி நம்ம ஏரியாவுக்கு வர்றேன்.

விதுரா பக்கத்துலேர்ந்து ஒரு பையன் வந்தாரு. கல்யாண ஃபோட்டோகிராஃபர், முப்பது வயசுக்குள்ள இருக்கும். இப்போ இங்க கல்யாணம்னா 'சேவ் த டேட்' ஷூட் இல்லாம கிடையாது. அதுக்கு பொன்முடிதான் ஸ்டுடியோ. பனி, தேயிலை, காத்துல பறக்குற துப்பட்டா. அவர்கிட்ட சின்ன சென்சார் கேமரா ஒண்ணு இருக்கு. மூணு லட்சத்துக்கு கொட்டேஷன் கொண்டு வந்திருக்காரு. பழைய ஃபுல் ஃப்ரேம் பார்க்கலையான்னு கேட்டேன். "இனி ஆரும் டி.எஸ்.எல்.ஆர். வாங்ஙில்ல சாரே" அப்படின்னு ஒரு சிரிப்பு. சாருக்கு வயசாயிடுச்சுன்னு அர்த்தம் :-)

முத்ராவுல 50 ஆயிரத்துக்கு மேல 5 லட்சம் வரைக்கும் கிஷோர் வகை, அதுல வந்துரும். மூணு லட்சம், மூணு வருஷம், வட்டி 11 சதவீதம்னு வெச்சுக்குவோம். மாசத் தவணை ஏறக்குறைய 9,822 ரூபாய். மூணு வருஷத்துல வட்டி மட்டும் 53,500-ஐத் தாண்டுது. நான் கேனான் 6டி பாடியை செகண்ட் ஹாண்ட்ல 38,000-க்கு வாங்குனேன். அவர் வட்டியா மட்டும் கட்டப்போற காசுல என் கேமராவை வாங்கி, மிச்சத்துல ஒரு 50 எம்.எம். லென்ஸும் வாங்கலாம். அசலை நான் தொடவே இல்ல.

இதுல என் பயம் வட்டி இல்ல. கர்க்கடகம். நம்ம ஊர் ஆடி மாதிரிதான், ஜூலை நடுவுலேர்ந்து ஆகஸ்ட் நடுவு வரைக்கும் இந்துக் கல்யாணம் கிடையாது. மழை வேற. பொன்முடி ரோட்டுல மண்ணு சரிஞ்சா மேல போகவே முடியாது. வருமானம் நின்னு போகும், தவணை நிக்காது. ஈ.எம்.ஐ.க்கு கர்க்கடகமும் தெரியாது, சிங்ஙமும் தெரியாது. 90 நாள் பாக்கி விழுந்தா கணக்கு என்.பி.ஏ., சிபில் மதிப்பெண் காலி, நாளைக்கு அவர் தங்கச்சி கல்யாணத்துக்கு லோன் கேட்டா எவனும் கொடுக்க மாட்டான். 2020-ல ஊரடங்கு வந்து கல்யாணமெல்லாம் முடங்கினப்போ ரிசர்வ் வங்கி ஆறு மாசம் தவணைக்கு அவகாசம் கொடுத்துச்சு. வட்டிக்கு லீவு கொடுக்கலை. அந்த ஆறு மாசமும் புது கேமரா பீரோவுல படுத்துக்கிட்டு வட்டி குட்டி போட்டுக்கிட்டு இருந்துச்சு. சொந்தக் காசுல வாங்குன பழைய கேமராவும் பீரோவுலதான் படுத்திருந்துச்சு. ஆனா சும்மா படுத்திருந்துச்சு.

"நோ காஸ்ட் ஈ.எம்.ஐ. இருக்கே சார்"னு கேக்காதீங்க, எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறும். பூஜ்ஜியம் சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பர்ல சொல்லி அந்தத் திட்டங்களை நிறுத்துச்சு. அப்புறம் வேற சட்டை போட்டுக்கிட்டு வந்தது இது. மொத்தமா காசு கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடியை வட்டிக்கு ஈடு கட்டுறாங்க, கிரெடிட் கார்டுன்னா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. வேற. ஓசியில எவனும் கேமரா கொடுக்கறதில்ல.

தேய்மானக் கணக்கும் இருக்கு. வருமான வரிச் சட்டப்படி கேமரா 15 சதவீதத்துல தேயும், மீதி மதிப்பு முறையில. ஒரு லட்சம் போட்டா அஞ்சு வருஷம் கழிச்சு புத்தகத்துல 44,370 நிக்கும். சந்தையில நிக்காது. புது மாடல் வந்த அன்னிக்கே சந்தை விலை தடால்னு விழும். அந்த விழுற பகுதியை முதல்ல வாங்கின புண்ணியவான் சுமந்துட்டாரு. 38,000-க்கு வாங்குன நான், நாளைக்கே வித்தாலும் எவ்வளவு இழப்பேன்? மிஞ்சிப்போனா ஒரு பத்தாயிரம். தனி ஆள்கிட்ட வாங்குனா ஜி.எஸ்.டி.யும் இல்ல. பழைய சாமான் வியாபாரிகிட்ட வாங்குனா அவர் லாபத்து மேல மட்டும்தான் வரி. ஜி.எஸ்.டி. பதிவு இருக்கற பெரிய ஸ்டுடியோக்காரங்க புதுசுக்குக் கட்டுற வரியைத் திரும்ப எடுத்துக்கலாம், அவங்க கணக்கு வேற. 20 லட்சத்துக்குக் கீழ வரவு இருக்கற நம்ம விதுராக்காரருக்கு அந்த 18 சதவீதமும் சுத்தமா கைக்காசுதான்.

"சரி சார், படம் எப்படி வரும்?" வருது. 6டி 20 மெகாபிக்சல். 300 புள்ளிக் கணக்குல அச்சடிச்சா 12-க்கு 18 அங்குலம் அப்படியே வருது. கல்யாண ஆல்பத்துல 12-க்கு 36 விரிப்புன்னா ரெண்டு பக்கம், பக்கத்துக்கு ஒரு படம், கச்சிதம். பெண் வீட்டுக்காரங்க ஆல்பத்தைப் பூதக்கண்ணாடி வெச்சுப் பார்க்கறதில்ல. மாமன் படம் விட்டுப்போச்சான்னுதான் பார்ப்பாங்க.

பொன்முடிப் பனிக்கு வேணுங்கறது வேற. வெள்ளைப் பனியைப் பார்த்ததும் எந்த கேமராவோட மீட்டரும் அதை சாம்பல் ஆக்கப் பார்க்கும். ஒரு ஸ்டாப் கூட்டி வைக்கணும். மிரர்லெஸ்ல அதைக் கண்ணாலயே முன்னாடி பார்க்கலாம், அந்த வசதியை நான் மறுக்கலை. பத்து தடவை போனா கைக்குத் தானா வந்துரும். பனி அடர்ந்துட்டா ஃபோகஸ் அலையும். பழசும் அலையும், புதுசும் அலையும், பிடிக்கறதுக்கு ஒரு விளிம்பு வேணும் அதுக்கு. பொண்ணோட புடவைக் கரையில வெச்சுப் பிடிக்கணும். 6டி-யில இருக்கறது 11 ஃபோகஸ் புள்ளி, அதுல நடுப்புள்ளி ஒண்ணுதான் குறுக்கு வகை. ஆனா அந்த நடுப்புள்ளி மங்கலான வெளிச்சத்துலயும் பிடிக்கும், அது போதும். கேனானோட பழைய சென்சார்ல நிழல் பகுதியைத் தூக்குனா கோடு கோடா அழுக்கு வரும்னு குறை சொல்வாங்க. 5டி மார்க் டூவுல நிஜமாவே வரும். பனிக்குள்ள நிழல் ஏது? பனி வந்தா காட்சியே சமதளமாயிடுது. வெயில் அடிச்சு, மேகம் விலகி, அந்தப் பக்கம் அகத்தியர்மலை (நம்ம பொதிகைதாங்க, 1,868 மீட்டர்) தெரியற நாள்ல மட்டும் நிக்கான் சென்சார் இருந்தா தேவலாம்னு தோணும். அந்த நாள் வருஷத்துல எத்தனைன்னு இங்க இருக்கறவங்களைக் கேளுங்க.

மலையாள மனோரமாவோட விக்டர் ஜார்ஜ் எடுத்த மழைப் படங்கள் எல்லாம் பிலிம். 2001 ஜூலையில இடுக்கியில மழையைப் படம் பிடிக்கப் போன இடத்துல நிலச்சரிவுல இறந்து போனாரு. கேரளத்து மழையை இன்னும் அவர் படங்களை வெச்சுத்தான் பேசறாங்க. அவர்கிட்ட கண்ணைத் தேடிப் பிடிக்கிற ஃபோகஸ் இருந்ததில்ல.

இவ்வளவு சொன்னதால கண்ணை மூடிக்கிட்டு வாங்கச் சொல்றேன்னு அர்த்தம் இல்ல. வீடியோதான் பிழைப்புன்னா பழசு வேண்டாம். ராம் கோபால் வர்மா 2011-ல 5டி கேமராக்களை வெச்சே அஞ்சு நாள்ல 'தொங்கல முட்டா'ன்னு ஒரு முழுப் படமே எடுத்தாரு, வாஸ்தவம். ஆனா இன்னிக்குக் கல்யாண வீட்டுல நடந்துக்கிட்டே எடுக்கணும், ஃபோகஸ் தானா பின்னாலயே வரணும். பறவை, ஓடுற குழந்தைன்னாலும் புதுசு மேல். இன்னொண்ணு, காசு வாங்கிக்கிட்டு கல்யாணம் எடுக்கறவங்க என்னோட 6டி-யை வாங்கவே கூடாது. அதுல ஒரே ஒரு கார்டுதான் போகும். கார்டு செத்தா தாலி கட்டுனது திரும்ப வராது. ரெண்டு கார்டு போற 5டி மார்க் த்ரீ, இல்லேன்னா டி750. ஒரு கடனுக்கு ரெண்டு ஜாமீன் மாதிரி. விதுராக்காரருக்கு இதைத்தான் சொன்னேன்: ரெண்டு பழைய பாடி வாங்குங்க, ஒண்ணு மக்கர் பண்ணா இன்னொண்ணு. ஒரு லட்சத்துக்குக் கடன் போதும், நானே கையெழுத்துப் போடறேன்னேன். யோசிச்சுச் சொல்றேன்னு போனாரு. வேற எங்கேயோ மூணு லட்சமும் கிடைச்சிருச்சுன்னு கேள்வி. நல்லா இருக்கட்டும்.

வாங்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. இங்க பழைய கேமராவுக்கு எதிரி வயசு இல்ல, ஈரம். பாடியை விட லென்ஸைத்தான் சோதிக்கணும். ரெண்டு மூடியையும் கழட்டி, துவாரத்தை முழுசாத் திறந்து, பின்னாலேர்ந்து டார்ச் அடிச்சுப் பாருங்க. உள்ள சிலந்தி வலை மாதிரி நூல் தெரிஞ்சா பூஞ்சை, எவ்வளவு மலிவா இருந்தாலும் கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. வாங்கினதும் காத்துப் புகாத டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, பையோட பீரோவுல திணிக்காதீங்க. ஷட்டர் எண்ணிக்கை கேளுங்க. நிக்கான்ல ஒரு படத்தை எடுத்து அதோட விவரத்தைப் பார்த்தாலே தெரிஞ்சுரும், கேனான்னா கம்ப்யூட்டர்ல மாட்டித்தான் பார்க்கணும். 6டி-க்கு ஒரு லட்சம், 5டி மார்க் த்ரீக்கும் டி750-க்கும் ஒன்றரை லட்சம்னு கம்பெனி கணக்கு. நிக்கான் டி600 மலிவா வந்தா மயங்காதீங்க, சென்சார்ல எண்ணெயும் தூசும் தெறிக்குதுன்னு 2014-ல கம்பெனியே இலவசமா ஷட்டர் மாத்திக் கொடுத்த மாடல் அது. டி610 பாருங்க. பேர்ல பத்துதான் வித்தியாசம், உள்ள ஷட்டரே வேற.