மலைக்கோட்டையில் தேவதானப்பட்டிக்கும் பங்கு உண்டு

வத்தலக்குண்டைத் தாண்டிய பஸ் திண்டுக்கல்லை நெருங்கும்போதே அந்த மொட்டைப் பாறை கண்ணில் பட்டுவிடும். தேவதானப்பட்டிக்காரர்கள் பூட்டு வாங்கவும் பிரியாணி சாப்பிடவும் கல்யாணத்துக்கும் காட்சிக்குமாக அந்த ஊருக்குப் போய் வருகிறார்கள். அந்தப் பாறைமேல் இருக்கும் கோட்டைக்கு ஏறுகிறவர்கள் குறைவு. ஏறவேண்டும். அந்தக் கோட்டையின் கதையில் தேவதானப்பட்டியின் பெயரும் இருக்கிறது.

1605-இல் மதுரையை ஆண்ட முத்துகிருஷ்ணப்ப நாயக்கர் தொடங்கிய கோட்டை அது. திருமலை நாயக்கர் காலத்தில் வலுப்பெற்றது. 1755-இல் மைசூர்ப் படையோடு வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர்களை வைத்து இங்கே பீரங்கிப் பட்டறையே நடத்தினார். பின்னாளில் மைசூரையே கட்டி ஆண்ட அந்த மனிதர் தனக்கென ஒரு படையை வளர்த்தெடுத்தது திண்டுக்கல்லில்தான்.

1772-இல் காளையார்கோவில் போரில் கணவர் முத்துவடுகநாதரைப் பறிகொடுத்த வேலு நாச்சியார் விருப்பாட்சிப் பாளையத்தில் அடைக்கலம் புகுந்தார். இந்தக் கோட்டையில் ஹைதரைச் சந்தித்து உருதுவிலேயே பேசி அவரை அசரவைத்தார் என்ற கதையைச் சொல்லாத ஆள் இந்த வட்டாரத்தில் இல்லை. ஹைதர் கொடுத்த படையுதவியோடு 1780-இல் சிவகங்கையை மீட்டார்.

1790 ஆகஸ்டில் நடந்த முற்றுகைதான் எல்லாவற்றிலும் விசித்திரமானது. ஆங்கிலப் படைக்குத் தலைமை தாங்கிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் ஸ்காட்லாந்தில் பிறந்தவர், கோட்டைகளுக்குப் பேர்போன நாட்டுக்காரர். அவர் பீரங்கிகள் மதிலில் போட்ட ஓட்டை போதவில்லை. குண்டும் மருந்தும் தீரும் நிலைமை. வேறு வழியில்லாமல் ஏறிப் பார்த்தார்கள்; மேலே இருந்த மைசூர்க்காரர்கள் விரட்டியடித்தார்கள். ஆனால் பொழுது விடிந்தபோது மதில்மேல் வெள்ளைக்கொடி! ராத்திரியோடு ராத்திரியாகக் காவல் வீரர்களில் பெரும்பாலோர் இறங்கிப் போய்விட்டிருந்தார்கள். ஸ்டூவர்ட்டின் நாட்டில் நெஸ் ஏரிக்கரையிலுள்ள அர்க்கார்ட் கோட்டையை, எதிரி கையில் சிக்கக் கூடாதென்று 1692-இல் காவல் படையே வெடிவைத்துத் தகர்த்துவிட்டுப் போனது. இங்கே அப்படி நடக்கவில்லை. மதில்களும் மருந்துக் கிடங்கும் சிறை அறைகளும் இன்றைக்கும் மிஞ்சியிருக்கின்றன.

உச்சியில் ஒரு கோயில். உள்ளே சிலை இல்லை. மைசூர்க்காரர்கள் காலத்தில் அம்மனைக் கீழே ஊருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், அவள்தான் இப்போது அபிராமி என்பார்கள். வெளியூர்க்காரர்களுக்கு அந்த வெறும் கருவறை ஏமாற்றமாக இருக்கலாம். தேவதானப்பட்டி மூங்கிலணை காமாட்சி கோயிலில் சாத்திய கதவுக்கே பூஜை நடப்பதையும், தேங்காய் உடைக்காமலும் பழம் உரிக்காமலும் படைப்பதையும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அதில் வியப்பில்லை.

1792-இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி திப்பு சுல்தான் திண்டுக்கல் சீமையை ஆங்கிலேயக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். இன்றைய தேனி மாவட்டத்துப் பாளையங்கள் பலவும் அதோடு சேர்ந்து கைமாறின. வரிக்கெடுபிடி பொறுக்காமல் பாளையக்காரர்கள் ஒன்றுகூடினார்கள். விருப்பாட்சி கோபால் நாயக்கர் தலைவர். மணப்பாறை லட்சுமி நாயக்கர் உடன் நின்றார். மூன்றாவது பெயர், தேவதானப்பட்டி பூஜை நாயக்கர். 1800-இல் கோயம்புத்தூர் முகாமைத் தாக்கும் திட்டம் தோற்றது; பிடிபட்ட பலரைக் கம்பெனி தூக்கிலிட்டது. அடுத்த ஆண்டு கோபால் நாயக்கரையும் திண்டுக்கல்லிலேயே ஒரு குளக்கரையில் தூக்கில் போட்டார்கள். அந்தக் குளத்துக்கு இன்றும் கோபாலசமுத்திரம் என்றுதான் பெயர்.

கோபால் நாயக்கருக்கு விருப்பாட்சியில் அரசு மணிமண்டபம் எழுப்பியிருக்கிறது, நியாயமான மரியாதை. பூஜை நாயக்கர் பெயரையோ அவர் பிறந்த மண்ணிலேயே சொல்லக் கேட்பது அபூர்வம். மணிமண்டபம் மெதுவாக வரட்டும். முதலில் தேவதானப்பட்டிப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் காலை, பாறை சுடுவதற்கு முன்பே, வாத்தியார்கள் அந்த மலைக்குக் கூட்டிப் போகட்டும். ஹைதர் கதையையும் வேலு நாச்சியார் கதையையும் சொல்கிற வாயால் பூஜை நாயக்கர் கதையையும் அங்கே சொல்லட்டும்.