இரக்கம் போதாது, சட்ட உதவி வேண்டும்

உலகெங்கிலுமிருந்து வரும் அகதிகளுக்கெல்லாம் இடமளிக்க இந்தியா என்ன தர்மசாலையா என்று உச்சநீதிமன்ற நீதிபதிகள் 2025 மே 19 அன்று வினவினர். சிறைத்தண்டனையை முடித்துவிட்ட இலங்கைத் தமிழர் ஒருவர், தம் மனைவியும் பிள்ளைகளும் இந்நாட்டில் வாழ்வதைச் சுட்டிக்காட்டி, தம்மை நாடுகடத்தக் கூடாது என்று கோரியிருந்தார். அவரது மனு தள்ளுபடியானது.

சாலை என்னும் சொல் பழந்தமிழில் பாதையை மட்டும் குறிக்கவில்லை. கற்போருக்கு உணவும் உறைவிடமும் அளித்த அறநிலையத்தையும் அது குறித்தது. காந்தளூர்ச் சாலையும் பார்த்திவசேகரபுரத்துச் சாலையும் அதற்குச் சான்று. இன்று திருவனந்தபுரத்தில் அப்பெயரோடு விளங்குவது சாலைக் கடைத்தெரு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாசர் உருவாக்கிய அந்தச் சந்தையில், நெல்லையிலிருந்தும் குமரியிலிருந்தும் வந்த தமிழ் வணிகரும் தொழிலாளரும் தலைமுறைகளாக வாழ்கின்றனர். அவர்களது பிள்ளைகளுக்கு அங்கே அரசுத் தமிழ்ப் பள்ளி உண்டு. 1956 நவம்பர் 1 அன்று மாநில எல்லைகள் மாறின. ஆனால் சாலைத் தமிழரின் குடியுரிமை மாறவில்லை.

சாலையிலிருந்து களியக்காவிளையைக் கடந்தால் குமரி மாவட்டம். அங்கே பழவிளையிலும் பெருமாள்புரத்திலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் உள்ளன. அதே மொழி பேசி, அதே போலக் கூலி வேலைக்குச் செல்லும் அம்மக்களில் பலர் இந்தியாவிலேயே பிறந்தவர்கள். ஆயினும் சட்டத்தின் ஏட்டில் அவர்களுக்குரிய பெயர் 'சட்டவிரோதக் குடியேறி'. 2021-இல் தமிழ்நாடு அரசு அளித்த கணக்குப்படி முகாம்களில் சுமார் 58,000 பேரும், காவல் நிலையங்களில் பதிவு செய்து வெளியே சுமார் 34,000 பேரும் வாழ்ந்தனர். 140 கோடி மக்கள் வாழும் நாட்டுக்கு இது தாங்க முடியாத சுமை என்பது வாதமாகாது.

இந்தியா 1951-ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இங்கு இல்லை. உயிருக்கு அஞ்சிப் படகேறி வந்தவரையும் விசா முடிந்தும் தங்கிய சுற்றுலாப் பயணியையும் குடியுரிமைச் சட்டம் ஒரே தட்டில் நிறுத்துகிறது. 2003-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் கொடிய விளைவு குடும்பங்களின் மீது விழுந்தது. இந்தியக் குடிமகனை மணந்த பெண், ஏழாண்டுகள் இங்கு வாழ்ந்தபின் பதிவு முறையில் குடியுரிமை கோரலாம். ஆனால் அவர் முறையான ஆவணமின்றி வந்த அகதியாயின் அவ்வழி அடைபடுகிறது. 2004 டிசம்பர் 3-க்குப் பின் அத்தம்பதியருக்குப் பிறக்கும் குழந்தையும், தந்தை இந்தியராக இருந்தும், பிறப்பால் குடிமகள் ஆவதில்லை. திருமணம் செல்லும், குடும்பம் செல்லாது என்பதே இதன் பொருள்.

இந்தப் பாகுபாடு இயற்கையன்று, ஆவணங்களால் உண்டாக்கப்பட்டது என்பதற்குக் கேரளமே சாட்சி. 1948-இல் இலங்கை அரசு மலையகத் தோட்டத் தொழிலாளரை நாடற்றோராக்கியது. 1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம், அவர்களில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும் என்றது. அவ்வாறு வந்தோரில் ஒரு பகுதியினருக்காக 1976-இல் புனலூரில் மறுவாழ்வுத் தோட்ட நிறுவனம் அமைக்கப்பட்டது. அவர்கள் இந்தியக் குடிமக்கள். ரப்பர்த் தோட்டத் தொழிலாளர்கள். அதே மலையகத்திலிருந்து, 1983 இனப்படுகொலைக்குப் பின் உயிர் தப்பி வந்தோரோ முகாம்வாசிகள். முன்னோர் ஒருவரே, துயரமும் ஒன்றே. முன்னவர் கையில் ஒரு தாள் இருந்தது, பின்னவர் கையில் இல்லை.

இரக்கத்தினால் அந்தத் தாள் கிடைத்துவிடாது. சட்டம் அறிந்தவர் துணை நின்றால் கிடைக்கக்கூடும். 1987 சூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், பெற்றோர் எந்நாட்டவராயினும், பிறப்பால் இந்தியக் குடிமக்கள் என்பது பல ஆண்டுகளாகச் சட்டத்தில் உள்ள விதி. மண்டபம் முகாமில் 1986-இல் பிறந்த பெண்ணொருவர் கடவுச்சீட்டுக் கோரி வழக்குத் தொடுத்தபோது, 2022 ஆகஸ்டில் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவர் இந்தியக் குடிமகளே என்று தீர்ப்பளித்தது. நீதிமன்றம் புதிய உரிமை எதையும் வழங்கவில்லை. அவர் பிறந்த நாளிலிருந்தே அவருக்கிருந்த உரிமையை அறிவித்தது. சொல்வாரின்மையால் முப்பத்தாறு ஆண்டுகள் அவர் அகதியாக வாழ்ந்தார்.

சொல்வாரின்மையின் விலை சில வேளைகளில் உயிராகவும் இருக்கிறது. 2019 சனவரியில் எறணாகுளம் மாவட்டத்து முனம்பத்திலிருந்து, தில்லி அம்பேத்கர் நகர்த் தமிழ்க் குடும்பங்கள் உள்ளிட்ட நூற்றுக்கும் மேற்பட்டோரை ஏற்றிச் சென்ற படகு, சுவடின்றி மறைந்தது. 2022 செப்டம்பரில் கடல்வழியே கனடா செல்ல முயன்ற இலங்கைத் தமிழர் கொல்லத்தில் பிடிபட்டனர். அவர்களுள் தமிழ்நாட்டு முகாம்வாசிகளும் இருந்தனர். சட்டம் கதவடைத்த இடத்தில் தரகர் கடை விரிக்கிறார். முறைப்படி தாயகம் திரும்புவோருக்கும் பாதுகாப்பில்லை. ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் உதவியோடு 2025 மே மாதம் யாழ்ப்பாணம் திரும்பிய முதியவர் ஒருவர், முன்பு உரிய ஆவணமின்றி நாட்டைவிட்டு வெளியேறினார் என்று பலாலி விமான நிலையத்தில் கைது செய்யப்பட்டார்.

துணை நிற்போர் இருந்தால் என்ன நிகழும் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் பிலோயலா என்னும் சிற்றூர் எடுத்துக்காட்டு. தஞ்சம் கோரி வந்து அங்கே மணம் புரிந்த தமிழ்த் தம்பதியரையும் அவர்களது இரு பெண் குழந்தைகளையும் 2018 மார்ச்சில் அதிகாலையில் அதிகாரிகள் பிடித்துச் சென்றனர். 2019 ஆகஸ்டில் நாடுகடத்தும் விமானம் பறந்துகொண்டிருந்தபோதே வழக்கறிஞர்கள் நீதிமன்றத் தடை பெற்றனர். விமானம் டார்வினில் இறங்கியது. ஊர்மக்களின் இயக்கம் ஓயவில்லை. நான்காண்டுகளுக்குப் பின், 2022-இல், அக்குடும்பம் ஊர் திரும்பி நிரந்தர விசாவும் பெற்றது. ஊரார் தனித்து நின்றிருந்தால் விமானம் நின்றிராது. வழக்கறிஞர் தனித்து நின்றிருந்தால் அரசு பணிந்திராது.

இங்கும் அதற்கு அடித்தளம் உண்டு. அரசமைப்பின் 21-ஆவது பிரிவு குடிமகனை மட்டுமன்றி ஒவ்வொரு மனிதரையும் காக்கிறது என்று சக்மா அகதிகள் வழக்கில் 1996-இல் உச்சநீதிமன்றமே கூறியுள்ளது. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் பெண்கள், குழந்தைகள், காவலில் உள்ளோர், இனவன்முறைக்கு ஆளானோர் ஆகியோர்க்கு இலவச சட்ட உதவி உண்டு என்கிறது. தகுதியுடையோரைக் கூறும் அப்பிரிவில் 'குடிமகன்' என்ற சொல் இல்லை. 'நபர்' என்றே உள்ளது. முகாம்வாசிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகைகளுள் அடங்குவர். இந்திய மண்ணில் நிகழும் எந்தப் பிறப்பையும் 1969-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யலாம். அகதியும் குடிமகனும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் மணம் புரிவதற்கும் தடையில்லை.

எனவே, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் ஒவ்வொரு முகாமிலும் நிலையான உதவி மையம் அமைக்க வேண்டும். பிறப்பு, திருமணப் பதிவுகள் அங்கேயே முடிக்கப்பட வேண்டும். 1987-க்கு முன் இங்கு பிறந்தோரையும் மலையக வம்சாவளியினரையும் கண்டறிந்து விண்ணப்பம் எழுதித் தர வேண்டும். 1984 முதல் இப்பணியில் ஈடுபட்டுள்ள ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தின் பட்டறிவை அரசு பயன்படுத்திக்கொள்ள வேண்டும். வேலை தேடி எல்லை கடந்து வருவோர்க்குச் சாலை போன்ற தமிழர் வாழும் இடங்களில் தொழிற்சங்கங்களும் வழக்கறிஞர் அமைப்புகளும் வழிகாட்டலாம்.

ஆனால் அடைபட்ட கதவைத் திறக்கும் சாவி ஒன்றிய அரசிடமே உள்ளது. 2025-ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டத்தின் கீழ், 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்குக் கடவுச்சீட்டு, விசா விதிகளிலிருந்து விலக்கு அளித்துள்ளது மோடி அரசு. வரவேற்கத்தக்கதே; எனினும் அது தண்டனையினின்று காக்குமேயன்றிக் குடியுரிமை தராது. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மூன்று நாடுகளின் ஆறு மதத்தினருக்கு மட்டும் 'சட்டவிரோதக் குடியேறி' என்ற முத்திரையை நீக்கிய அதே அரசு, இலங்கையை விட்டுவிட்டது. மதத்தை அளவுகோலாக்கிய அத்திருத்தத்தைக் கேரள, தமிழ்நாட்டுச் சட்டமன்றங்கள் எதிர்த்தது சரியே. துன்பத்தை அளவுகோலாகக் கொண்டு, எம்மதத்தவராயினும் தஞ்சம் புகுந்தோர் அனைவருக்கும் பொருந்தும் சட்டம் வேண்டும்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இம்மண்ணில் உழைத்து வாழ்வோர் தர்மம் கேட்டு நிற்கவில்லை. தம் பிள்ளைகளுக்கு ஒரு நாடு கேட்கின்றனர்.