“பேசிவிடுவான்” என்ற ஆறுதல்

ஏப்ரல் 2 உலக ஆட்டிசம் விழிப்புணர்வு நாள். 2008 முதல் கடைப்பிடிக்கப்படும் இந்நாள் வரும்போதெல்லாம் ஒரு தாயின் முகம் என் நினைவுக்கு வரும். இரண்டு வயது மகனைத் தூக்கிக்கொண்டு வந்தவர், “கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கிறான் சாமி, பேச்சும் வரல” என்றார். “ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், செபியுங்கள்” என்று ஆசீர்வதித்து அனுப்பிவிட்டேன். மாமியாரும் அதையே சொன்னாராம். வேளாங்கண்ணிக்கு நேர்ந்துகொண்டு காத்திருந்தார்கள். பள்ளியில் சேர்த்தபிறகு, ஐந்து வயதில்தான் ஆட்டிசம் என்று தெரிந்தது.

செபிக்கச் சொன்னது தவறன்று. மருத்துவரிடமும் போகச் சொல்லாதது என் தவறு. பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாதது, வேண்டியதை விரல் நீட்டிக் காட்டாதது, முகம் பார்த்துச் சிரிக்காதது ஆகியவற்றை ஒன்றரை வயதிலேயே கவனிக்கலாம். காது கேட்கிறதா என்றும் சோதிப்பார்கள். அனுபவமுள்ள மருத்துவர் பெரும்பாலும் இரண்டு வயதிலேயே கண்டறிந்துவிடுவார். மூளை வேகமாக வளரும் அந்த ஆண்டுகளில் தரும் பயிற்சிக்குப் பலன் அதிகம். அதைத்தான் அவன் இழந்தான்.

சட்டமும் தாமதித்தே வந்தது. 1995 ஊனமுற்றோர் சட்டத்தின் பட்டியலில் ஆட்டிசம் இல்லை. 2016 சட்டத்தின் 21 வகைகளில்தான் இடம்பெற்றது. 2013இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின்படி அங்கன்வாடிக் குழந்தைகளை ஆண்டுக்கு இருமுறை மருத்துவக் குழு பரிசோதிக்க வேண்டும். அன்று பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொள்பவர்களும் உண்டு. ஊர் என்ன பேசுமோ என்ற பயம். திருப்பலியில் சத்தமிடும் பிள்ளையைத் திரும்பி முறைப்பவர்கள் நாம்தானே?

அந்தத் தாய் என்னைக் கடிந்துகொண்டதே இல்லை. சென்ற மாதம் இன்னோர் இளம் தாயை அவரே அழைத்து வந்தார், அரசு மருத்துவமனைக்குப் போகும் வழியில்.