கம்பி கழண்டா என்ன ஆகும்?

மக்களே, ஒரு சின்ன கேள்வியோட ஆரம்பிக்கிறேன். நீங்க கடைசியா செஞ்ச மினி ப்ராஜெக்ட்ல சென்சார் வயரைப் பிடுங்கிப் பார்த்திருக்கீங்களா? டெமோ நாளில் தவறுதலா கழண்டதைச் சொல்லலை. வேணும்னே, என்ன ஆகுதுன்னு பார்க்கிறதுக்காகப் பிடுங்கியிருக்கீங்களா?

நான் பிடுங்கியதில்லை. அதற்கான விலையை ஒரு பல்லி கொடுத்தது.

டொராண்டோவில் இருக்கும் என் பெரியம்மா மகள் ஒரு லெப்பர்ட் கெக்கோ வளர்க்கிறாள். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளிகள், பெயர் பூந்தி. நம் வீட்டுச் சுவர்ப் பல்லி மாதிரி இது சுவரில் ஏறாது, விரலில் ஒட்டும் பட்டைகள் கிடையாது. கண்ணை மூடித் திறக்க இமை உண்டு. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட பாறை நிலங்கள்தான் இதன் சொந்த ஊர். தன் உடம்புக்கான சூட்டைத் தானே உண்டாக்கத் தெரியாத உயிர். சூடு வேண்டும் என்றால் சூடான இடத்துக்குப் போகும், போதும் என்றால் நகர்ந்துவிடும். வெப்பம் சரியில்லை என்றால் தின்ற பூச்சிகூட ஒழுங்காகச் செரிக்காது. இன்னொரு ஆச்சரியம் கேளுங்க: முட்டையை 26 டிகிரியில் வைத்தால் பெரும்பாலும் பெண், 32.5 டிகிரிப் பக்கம் வைத்தால் பெரும்பாலும் ஆண். நமக்கு வெப்பநிலை டிஸ்ப்ளேயில் தெரியும் ஒரு எண். அதற்கு அதுதான் வாழ்க்கை.

அதனால் கூண்டில் ஒரு பக்கம் தரை 32 டிகிரி செல்சியஸ் பக்கமும், மறுபக்கம் 25 பக்கமும் இருக்க வேண்டும். கனடாவின் குளிர்காலத்தில் இதற்கு ஹீட் மேட், தெர்மோஸ்டாட் இரண்டும் தேவை. "கடையில எதுக்குக்கா வாங்குற? நானே செஞ்சு தரேன்" என்றேன். ஆர்டினோ, ஒரு ரிலே, ஒரு டிஎஸ்18பி20 சென்சார். வீடியோ காலில் வயரிங் சொல்லிக் கொடுத்தேன். கோடில் முக்கியமானது ஒரே வரி: 32-க்குக் கீழே போனால் ஹீட்டரை ஆன் செய். இரண்டு மாதம் அருமையாக ஓடியது. அதைக் காட்டி காலேஜில் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒருநாள் பூந்தி மண்ணைத் தோண்டியதில் சென்சார் வயர் கழண்டுவிட்டது. இந்த சென்சாருக்கு நாம் எல்லாரும் பயன்படுத்தும் லைப்ரரி, இணைப்பு இல்லை என்றால் -127 என்ற எண்ணைத் தரும். அது பிழைக் குறியீடு. என் கோடுக்கு அது வெறும் வெப்பநிலை. -127 என்பது 32-ஐ விடக் குறைவுதானே? ஹீட்டர் ஆன். அடுத்த முறையும் -127, மறுபடி ஆன். அக்கா வேலை முடிந்து வந்து தரை ஓட்டைத் தொட்டுப் பார்த்தபோது கை சுட்டிருக்கிறது. பூந்தியின் வயிற்றில் சிவப்பாக ஒரு தீப்புண். அடியிலிருந்து வரும் சூட்டுக்கு இந்த மாதிரி உயிர்கள் நாம் நினைப்பதுபோல் சட்டென்று விலகாது. பல நேரம் அதன் மேலேயே படுத்துக் கிடக்கும்.

டாக்டர், மருந்து, சில வாரங்கள். பூந்தி பிழைத்துக்கொண்டது. அக்கா திட்டவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்: "தம்பி, கம்பி கழண்டா என்ன ஆகும்னு நீ யோசிக்கவே இல்லையா?"

இல்லை. ஏன்னா யாரும் என்னிடம் அதைக் கேட்டதே இல்லை. இதுதான் நான் சொல்ல வந்த விஷயம். நம் வைவாவில் "வேலை செய்யுதா?" என்று கேட்கிறார்கள். "கெட்டுப்போனா எந்தப் பக்கம் கெடும்?" என்று கேட்பதில்லை. ஒரு உயிரையோ வீட்டையோ சூடாக்கும் கருவிக்கு இரண்டாவது கேள்விதான் முதல் கேள்வி.

கொஞ்சம் யோசிங்க. என்டிசி தெர்மிஸ்டர் வயர் அறுந்தால் எல்லையில்லாத மின்தடை; சர்க்யூட் அதை "கடும் குளிர்" என்று படிக்கும். மலிவு ரிலேயின் முனைகள் ஒட்டிக்கொண்டால் கோடு ஆஃப் சொன்னாலும் ஹீட்டர் அணையாது. மைக்ரோகண்ட்ரோலர் ஹேங் ஆனால் ரிலே கடைசியாக இருந்த நிலையிலேயே நிற்கும். மூன்றுமே சூடு ஏறும் பக்கமாகக் கெடக்கூடியவை.

சரி, என்ன செய்யலாம்? நம்ப முடியாத ரீடிங் வந்தால் ஹீட்டரை அணை. 10-க்குக் கீழே, 45-க்கு மேலே எது வந்தாலும் அது வெப்பநிலை இல்லை, பிழை. வாட்ச்டாக் டைமரைப் போடுங்க. முக்கியமாக, கோடையே நம்பாத ஒரு காவலாளி வேண்டும்: மேட்டை ஒட்டி, 40 டிகிரிப் பக்கம் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஒரு பைமெட்டல் கட்-ஆஃப். உங்கள் மென்பொருள் எவ்வளவு குழம்பினாலும் அதற்குக் கவலை இல்லை.

கடையில் வாங்கினால் கவலை விட்டதா என்றால், அதுவும் இல்லை. தெர்மோஸ்டாட் புரோப் ஹீட்டரை விட்டுத் தள்ளிக் கிடந்தால், அது குளிர்ந்த காற்றை அளந்துகொண்டு மேட்டை எரிய விட்டுக்கொண்டே இருக்கும். புரோப்பை மேட்டின் மேலேயே, நகராதபடி பொருத்துங்க. தண்ணீர்க் கிண்ணத்தின் பக்கத்தில் வேண்டாம், சிந்தி ஈரமானால் அது பொய் சொல்லும். மேட்டின் மேல் மண்ணைக் குவிக்காதீங்க, சூடு உள்ளேயே தேங்கும். தனியாக ஒரு தெர்மாமீட்டரும் வைங்க. தெர்மோஸ்டாட் சொல்வதைத் தெர்மோஸ்டாட்டிடமே கேட்டு உறுதி செய்ய முடியாது. பல்பு என்றால் டிம்மிங் வகை, செராமிக் ஹீட்டர் என்றால் பல்ஸ் வகை தெர்மோஸ்டாட், சுற்றிலும் கம்பிக் கூண்டு. எதுவானாலும் குளிர்ந்த பக்கம் ஒன்று கட்டாயம். எல்லாம் கைவிட்டால் அந்த உயிருக்குத் தப்பிக்க இருக்கும் ஒரே இடம் அதுதான்.

"ஒரு பல்லிக்கு இவ்வளவா மச்சி?" என்று என் ரூம்மேட் கேட்டான். நாளைக்கு நாம் இதே பழக்கத்தோடுதான் குழந்தைகள் வார்டு இன்குபேட்டருக்கோ மின்வாகன பேட்டரிக்கோ கோடு எழுதப் போறோம். அங்கேயும் ஒரு சென்சார் வயர் இருக்கும். அதுவும் கழளும்.

பூந்தி இப்போது கடையில் வாங்கிய தெர்மோஸ்டாட்டில் நிம்மதியாக இருக்கிறது. என்னுடைய போர்டு என் மேஜையில். அடுத்த ப்ராஜெக்ட் எக்ஸ்போவில் உங்க ஸ்டாலுக்கு வருவேன். முதலில் உங்க சென்சார் வயரைத்தான் பிடுங்குவேன். கோவிச்சுக்காதீங்க.