பெயர்ப்பட்டியலும் உடன் வரவேண்டும்

அளவைக் கருவிகளை வாங்கும் ஆய்வகங்களுக்கு, அவற்றை இயக்கும் செயற்கூறுகள் அடங்கிய பகிர்வு நூலகமும், அதாவது டி.எல்.எல். கோப்பும், உடன் வருவதுண்டு. அதனைக்கொண்டு விண்டோஸில் நிரல் எழுத முற்படும் களப்பணியாளர், நிரலை இணைக்கும் கட்டத்தில் "பெயர் காணப்படவில்லை" என்னும் பிழைச்செய்தியைக் கண்டு திகைக்கின்றனர். குறை அவர்தம் நிரலில் இல்லாதிருக்கலாம். இறக்குமதி நூலகம் வழங்கப்படாமையே பெரும்பாலும் காரணமாகும்.

இறக்குமதி நூலகம் என்பது சிறியதொரு கோப்பு. செயற்கூற்றின் உடல் அதில் இல்லை. இன்ன பெயருடைய செயற்கூறு இன்ன டி.எல்.எல்.லில் உள்ளது என்னும் குறிப்பே அதன் சாரம். இணைப்பி அக்குறிப்பை நிரலின் இறக்குமதி அட்டவணையில் பதிக்கின்றது. நிரல் தொடங்கும்போது விண்டோஸ் அவ்விடத்தில் மெய்யான முகவரிகளை நிரப்புகின்றது. லினக்ஸில் இணைப்பி பகிர்வு நூலகத்தையே நேராகப் படித்தறிவதால் இத்தனிக் கோப்பு வேண்டுவதில்லை.

ஒரு நிரல்பெயர்ப்பிக்கென ஆக்கிய இறக்குமதி நூலகம் மற்றொன்றிற்கு ஒவ்வாமற் போதலும் உண்டு. ஆதலின், டெஃப் எனப்படும் எழுத்துவடிவக் கோப்பையும் வழங்குதல் விற்போர் கடமையாகும். அதில் லைப்ரரி என்னும் சொல்லையடுத்து நூலகத்தின் பெயரும், எக்ஸ்போர்ட்ஸ் என்னும் சொல்லின்கீழ் வரிக்கொன்றாகச் செயற்கூறுகளின் பெயர்களும் நிற்கும். மைக்ரோசாஃப்டின் லிப், குனூ திட்டத்தின் டி.எல்.எல்.டூல் ஆகிய இரண்டும் இப்பட்டியலிலிருந்து தத்தமக்குரிய இறக்குமதி நூலகத்தை ஆக்கித் தரும்.

ஜென்டெஃப் போன்ற கருவியால் டி.எல்.எல்.லிலிருந்தே பெயர்களைத் திரட்டலாமே என்பர் சிலர். உண்மையே. ஆயினும் சி மொழியில் அமைந்த நூலகத்தில் பெயர் கிடைக்குமேயன்றி, உள்ளீடுகள் எவ்வகையின என்பது கிடைக்காது. அதனைச் சொல்வது தலைப்புக் கோப்பே. தசம எண்ணைத் தரவேண்டிய இடத்தில் முழு எண்ணைத் தந்தாலும் இணைப்பி தடுப்பதில்லை, நிரலும் ஓடக்கூடும், விடை மட்டும் பிழைபடும். 32 பிட் நிரல்களில் அழைப்பு மரபு மாறினாலோ அடுக்கு நினைவகமே நிலைகுலையும். களஏட்டில் பிழையான எண்ணைப் பதிதல், எண்ணே பதியாதிருத்தலினும் தீது.

ஆகவே கருவி வாங்கும் ஆணையிலேயே டி.எல்.எல்., தலைப்புக் கோப்பு, டெஃப் கோப்பு ஆகிய மூன்றையும் கேட்டுப் பெறுதல் வேண்டும். ஆசிரியரும், இரண்டே செயற்கூறுகள் கொண்ட நூலகமொன்றை மாணவரைக்கொண்டு ஆக்குவித்து, அதற்கு இறக்குமதி நூலகம் சமைக்கும் முறையை ஒரு பாடவேளையில் செய்து காட்டலாம். கையால் ஒருமுறை செய்தவர், பின்னர் அப்பிழைச்செய்தியைக் கண்டு திகைக்கமாட்டார்.